திரைக்கும் விரலுக்கும் நடுவே: எதிர்வினை நேரத்தை அளக்கும் மென்பொருள்கள்

எதிர்வினை நேரம் என்றால், ஒரு தூண்டல் கண்ணிலோ காதிலோ பட்டதிலிருந்து அதற்கு ஒருவர் பதில் கொடுக்கும்வரை ஆகிற நேரம். திரையில் வட்டம் தெரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால் இளவயதுக்காரர்களுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். பீப் சத்தத்துக்கு அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். திரையில் வரும் எழுத்துக்கோவை நிஜச் சொல்லா, பொய்ச் சொல்லா என்று தீர்மானிக்கச் சொன்னால் 500, 600, 700 என்று ஏறிக்கொண்டே போகும்.

(ஒரு விநாடியை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்றுதான் மில்லி விநாடி. கண் ஒருமுறை இமைக்கவே 100-க்கு மேல் ஆகிவிடும்.)

உளவியல் ஆய்வாளருக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த மொத்த நேரம் இல்லை. இரண்டு நேரங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான்.

இந்த யோசனையைத் தொடங்கிவைத்தவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் இருந்த டாண்டர்ஸ். 1868-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: ஒரே ஒரு சைகை, ஒரே ஒரு பதில் என்றால் ஒரு நேரம் ஆகும். இரண்டு சைகைகள், இரண்டு பதில்கள் என்றால் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால், மனம் தேர்வு செய்ய எடுத்துக்கொண்ட நேரம் மிஞ்சும். மனதின் வேலையையும் அளக்கலாம் என்பது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி இல்லை.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் அளப்பது சுலபம். 1935-இல் ஸ்ட்ரூப் செய்த சோதனையில், ஒரு அட்டையில் இருந்த 100 நிறக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல ஆனது சராசரியாக 63 விநாடி. அதே நிறங்களை, முரண்பட்ட நிறப்பெயர்களின் மையிலிருந்து சொல்ல (சிவப்பு என்ற சொல் பச்சை மையில் இருக்கும், பச்சை என்று சொல்ல வேண்டும்) ஆனது 110 விநாடி. இவ்வளவு இடைவெளிக்கு ஸ்டாப்வாட்ச் போதும்.

ஆனால் 1966-இல் ஸ்டெர்ன்பர்க் கண்டது வேறு அளவு. சில எண்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு ஒரு எண்ணைக் காட்டி, இது அந்தக் கூட்டத்தில் இருந்ததா என்று கேட்டார். நினைவில் இருக்கும் எண் ஒன்று கூடினால் பதில் சுமார் 38 மில்லி விநாடி தாமதமாகிறது.

38! ஸ்டாப்வாட்ச் பிடித்திருப்பவரின் கட்டைவிரலே அதைவிடப் பல மடங்கு தாமதிக்கும்.

19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு கருவி இருந்தது. மத்தியாஸ் ஹிப் என்ற கடிகாரக் கலைஞரின் குரோனோஸ்கோப். மின்சாரம் பாய்ந்தால் முள் ஓடும், நின்றால் நிற்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை படிக்கலாம். 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் தொடங்கிய உளவியல் ஆய்வகத்தின் முக்கியக் கருவிகளில் அதுவும் ஒன்று. அங்கே அவர்கள் செய்த ஒரு காரியம் இன்றைய ஆய்வாளர் எவரும் மறக்கக் கூடாதது. குரோனோஸ்கோப்பை அப்படியே நம்பவில்லை. எவ்வளவு நேரத்தில் விழும் என்று தெரிந்த ஒரு சுத்தியலை விழவிட்டு, கருவி அதே நேரத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகே மனிதர்களை அளந்தார்கள்.

கணினி வந்த பிறகு இந்தப் பழக்கம் மெல்ல விட்டுப்போனது. கணினி 0.4837 என்று நான்கு இலக்கம் காட்டுகிறது, பார்ப்பவர் நம்பிவிடுகிறார். அந்த நான்கு இலக்கங்களில் எத்தனை உண்மையானவை என்று கேட்பவர் குறைவு. எதிர்வினை நேர மென்பொருள்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அந்தக் கேள்விதான்.

எந்த மென்பொருளானாலும் செய்வது மூன்று வேலை. தூண்டலைக் காட்டும். காட்டிய கணத்தில் கடிகாரத்தை ஓடவிடும். பதில் வந்த கணத்தில் நேரத்தை எழுதிவைக்கும். கேட்க எளிது. ‘அந்தக் கணம்’ எது என்பதில்தான் சிக்கல் முழுக்க இருக்கிறது.

பழைய டாஸ் கணினிகளின் இயல்பான கடிகாரம் விநாடிக்கு 18.2 முறைதான் துடிக்கும். ஒரு துடிப்புக்கு 55 மில்லி விநாடி. ஸ்டெர்ன்பர்க்கின் 38 அந்த இடைவெளிக்குள்ளேயே காணாமல் போய்விடும். அதனால் அன்று நிரல் எழுதியவர்கள் கணினியின் டைமர் சிப்பையே மாற்றி அமைத்து மில்லி விநாடியைப் பிடித்தார்கள். பிட்ஸ்பர்க்கில் வால்டர் ஷ்னைடர் 1988-இல் வெளியிட்ட மெல் என்ற மென்பொருள் அந்தக் காலத்தது. இன்றைய இ-பிரைம் அதன் வாரிசு. விண்டோஸ் வந்ததும் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. கடிகாரம் நுட்பமானது. ஆனால் இயங்குதளம் நடுவிலே வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும்; சோதனை நிரல் காத்திருக்க வேண்டிவரும்.

இந்தச் சூழலுக்கென்று எழுதப்பட்டதுதான் டிஎம்டிஎக்ஸ். அரிசோனா பல்கலைக்கழகத்தில் கென்னத் ஃபார்ஸ்டரும் ஜோனதன் ஃபார்ஸ்டரும் உருவாக்கியது. அதை விளக்கும் கட்டுரை 2003-இல் வெளியானது. விண்டோஸுக்கானது, இலவசம். சொல் வாசிப்பை ஆராய்பவர்களுக்கு மிகவும் பழக்கமான பெயர்.

இதில் கட்டங்களை இழுத்துப் போட்டுச் சோதனை அமைக்கும் வசதி கிடையாது. வேர்டில் திறக்கக்கூடிய ஒரு ஆர்டிஎஃப் கோப்பில் வரிவரியாக எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி என்றால் சரியான பதில் ‘ஆம்’, கழித்தல் குறி என்றால் ‘இல்லை’. ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் நடுவே சாய்கோடு. கடிகாரம் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே ஒரு நட்சத்திரக் குறி. வரி முடிவில் அரைப்புள்ளி. அடிப்படை இலக்கணம் அவ்வளவுதான்.

முதல்முறை பார்ப்பவருக்கு இது கரடுமுரடாகத் தெரியும். ஆனாலும் அந்த நட்சத்திரக் குறி ஒரு பெரிய நன்மை செய்கிறது. கடிகாரம் எந்தத் திரையோடு தொடங்குகிறது என்று சோதனையை எழுதுபவரே யோசித்து வைத்தாக வேண்டும். இழுத்துப் போடும் மென்பொருள்களில் அந்த யோசனையே இல்லாமல் ஒரு சோதனையை முடித்துவிடலாம். அது வசதி. ஆபத்தும் அதுவே.

(டிஎம்டிஎக்ஸ் தரும் முடிவுக் கோப்பில் தவறான பதிலின் நேரம் கழித்தல் குறியோடு பதிவாகும். இது தெரியாமல் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அபத்தமான எண் வரும். கோப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறிகளைத்தான்.)

சைக்கோபை இன்று பரவலாகப் புழங்கும் இன்னொரு இலவச மென்பொருள். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பியர்ஸ் தொடங்கியது. 2007-இல் அதைப் பற்றி எழுதினார். பைத்தானில் நேராக நிரல் எழுதலாம், அல்லது கட்டங்களை வரிசையாக அடுக்கி அமைக்கலாம். மாட்லாப், ஆக்டேவ் நிரல் மொழிகள் பழகியவர்களுக்கு 1997-இல் பிரெயினார்டும் பெல்லியும் அறிமுகப்படுத்திய சைக்டூல்பாக்ஸ் இருக்கிறது. செபாஸ்டியான் மாதோட்டும் கூட்டாளிகளும் 2012-இல் விவரித்த ஓபன்செசமி, தொடங்குபவர்களுக்கு இதமானது. இ-பிரைம், பிரசென்டேஷன், சூப்பர்லேப், இன்க்விசிட் எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை.

எதை எடுத்தாலும் திரை ஒன்றுதான். திரையின் விதிகளை எந்த மென்பொருளும் மீற முடியாது.

சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஒரு தடவைக்கு 16.7 மில்லி விநாடி. ஆகவே ஒரு படத்தை 16.7, 33.3, 50, 66.7 என்ற கணக்கில்தான் காட்ட முடியும். 55 மில்லி விநாடி காட்டு என்று கட்டளை எழுதினால் மென்பொருள் மறுப்பு சொல்லாது. ஆனால் திரையில் வருவது 50 ஆகவோ 67 ஆகவோதான் இருக்கும்.

இது எங்கே உறைக்கும்? 1984-இல் ஃபார்ஸ்டரும் டேவிஸும் பிரபலமாக்கிய ஒரு முறையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ##### என்ற திரை. உடனே ஒரு சொல், 50 அல்லது 60 மில்லி விநாடி மட்டும். அதன்மேல் அடுத்த சொல் வந்து அதை மறைத்துவிடும். பங்கேற்பவருக்கு முதல் சொல் வந்ததே பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் அது இரண்டாவது சொல்லை வாசிக்கும் வேகத்தை மாற்றுகிறது. இங்கே 50-க்குப் பதில் 67 வந்தால் முதல் சொல் கண்ணில் பட்டுவிடலாம். அப்போது அளப்பது வேறு விஷயம் ஆகிவிடும். அதனால்தான் டிஎம்டிஎக்ஸில் நேரத்தைத் திரையின் துடிப்பு (ஒரு புதுப்பிப்பு ஒரு துடிப்பு) எண்ணிக்கையாகக் குறிப்பார்கள். அந்தக் கணினித் திரையின் துடிப்பு எவ்வளவு என்று அளக்க டைம்டிஎக்ஸ் என்ற துணை நிரல் கூடவே வரும். சைக்கோபையிலும் விநாடிக்குப் பதிலாகத் திரைத் துடிப்புக் கணக்கில் நேரத்தைக் கொடுக்கலாம். சுருக்கமான தூண்டல் உள்ள சோதனைக்கு அப்படிக் கொடுப்பதே முறை.

இன்னும் இருக்கிறது. திரை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் நடுவில் இருக்கும் சொல், உச்சியில் இருப்பதைவிடச் சுமார் 8 மில்லி விநாடி பிந்தித் தெரியும். எல்சிடி திரையில் புள்ளிகள் நிறம் மாறவும் சில மில்லி விநாடி ஆகும். சில மானிட்டர்களும் தொலைக்காட்சிகளும் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று முழுத் திரை ஒன்றிரண்டைப் பிடித்துவைத்துத் தாமதமாகக் காட்டும். மென்பொருளுக்கு இது எதுவுமே தெரியாது. படத்தை மானிட்டருக்கு அனுப்பிய நேரம் அதற்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த நேரம் தெரியாது.

அடுத்தது கீபோர்டு. விசை அமுங்கியதும் செய்தி உடனே கணினிக்குப் போவதில்லை. கீபோர்டு தன் விசைகளை வரிசையாக நோட்டம் விடும். தொடர்பு அதிர்ந்து அடங்கும்வரை கொஞ்சம் பொறுக்கும். பிறகு கணினி வந்து கேட்கும்வரை காத்திருக்கும். சாதாரண யுஎஸ்பி கீபோர்டைக் கணினி பெரும்பாலும் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கும். விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. ஆய்வுக்கென்றே தனிப் பொத்தான் பெட்டிகள் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல். ப்ளூடூத் கீபோர்டை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு கோளாறு இருந்தால் எண்களை எப்படித்தான் நம்புவது?

இங்கே கணக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறது. ஒரே மனிதர், ஒரே வேலை. ஆனாலும் அவருடைய நேரம் தடவைக்குத் தடவை மாறும். அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 100 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்கும் கீபோர்டு சேர்க்கும் விலக்கம் சுமார் 2.3. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 100.03. அவ்வளவுதான் கூடுகிறது! மனிதரின் இயல்பான அலைச்சலுக்கு முன்னால் கீபோர்டின் அலைச்சல் ஒன்றுமே இல்லை. உல்ரிச்சும் ஜிரேயும் 1989-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டி, மட்டமான கடிகாரங்களுக்கு இது நல்ல செய்தி என்று கட்டுரைத் தலைப்பிலேயே சொன்னார்கள். எல்லா முயற்சியிலும் ஒரே அளவாக இருக்கும் தாமதமும் பயப்பட வேண்டியதில்லை. சோதனையின் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுப்போகும்.

பயப்பட வேண்டியது, நிலைக்கு நிலை மாறும் தாமதத்தைக் கண்டு.

ஒரு பள்ளி மாணவர்களை ஒரு மடிக்கணினியிலும், இன்னொரு பள்ளி மாணவர்களை வேறொரு கணினியிலும் சோதித்தால், இரு பள்ளிகளுக்கு நடுவே வரும் 30 மில்லி விநாடி மாணவர்களுடையதா, கணினியுடையதா? சொல்ல வழியில்லை. எத்தனை நூறு பேரைச் சேர்த்தாலும் இந்தப் பிழை கரையாது. படத்துக்கும் ஒலிக்கும் எதிர்வினையை ஒப்பிட்டாலும் இதே கதி. ஒலி ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் தாமதம் வேறு, படத்தின் தாமதம் வேறு. சில நிலைகளில் மட்டும் பெரிய படக்கோப்பு இருந்து, அதைத் திறக்கும் நேரமும் சேர்ந்துவிட்டால் அந்தப் பிழை நேராக ஆய்வு முடிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படங்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதற்குத்தான்.

வாயால் பதில் சொல்லும் சோதனைகளில் நுட்பம் இன்னும் கூடுதல். மைக்கில் சத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்துவது பழைய முறை. ‘ப’, ‘ட’ போன்ற ஒலிகள் வெடித்துக் கிளம்பும். கருவி உடனே பிடித்துக்கொள்ளும். ‘ஸ’ போன்றவை மெதுவாகத் தொடங்கும்; கருவிக்குத் தாமதமாகவே கேட்கும். உதட்டைப் பிரிக்கும் ‘ச்’ சத்தத்தையும் பதில் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே குரலைப் பதிவு செய்து, பிறகு அலைவடிவத்தைப் பார்த்துக் கையால் குறிப்பதே நம்பகமானது. டிஎம்டிஎக்ஸ் குரலைப் பதிவு செய்து தரும். அந்தப் பதிவுகளைத் திருத்தவென்றே அதனாசியோஸ் புரோடோபாபாஸ் 2007-இல் செக்வோக்கல் என்ற நிரலை வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் குறிக்க நாள்கணக்கில் ஆகும். அந்த உழைப்பு வீணே இல்லை.

இப்போது பல ஆய்வுகள் உலாவியிலேயே நடக்கின்றன. ஜோஷுவா டி லீவின் ஜேஎஸ்சைக், ஹைஸ்பெர்ட் ஸ்டூட்டின் சைடூல்கிட், கொரில்லா, சைக்கோபையின் சோதனைகள் ஓடும் பவ்லோவியா என்று பல வழிகள். பங்கேற்பவர் வீட்டில் இருந்தே செய்துவிடுகிறார். ஆனால் அவருடைய மானிட்டர், கீபோர்டு, பின்னணியில் ஓடும் நிரல்கள் எதுவும் ஆய்வாளர் கையில் இல்லை. கூடவே, 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்ததும் உலாவிகள் தங்கள் கடிகாரத்தின் நுட்பத்தை வேண்டுமென்றே குறைத்தன.

எவ்வளவு மோசம் என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்திருக்கிறார்கள். பிரிட்ஜஸ், பிடியோ, மக்கஸ்கில், பியர்ஸ் நால்வரும் 2020-இல் பத்து மென்பொருள்களைக் கருவி வைத்துச் சோதித்தார்கள். ஆய்வகத்தில் ஓடுபவற்றில் சைக்டூல்பாக்ஸ், சைக்கோபை, பிரசென்டேஷன், இ-பிரைம் நான்கும் சராசரியாக 1 மில்லி விநாடிக்கும் குறைவான அலைச்சலோடு வேலை செய்தன. இயங்குதளங்களில் உபுண்டு கொஞ்சம் முன்னே. படம் காட்டுவதில் மேக் பின்தங்கியது. உலாவியில் எதிர்வினை நேரத்தைப் பெரும்பாலானவை 10 மில்லி விநாடிக்கும் குறைவான அலைச்சலோடு பிடித்தன, சைக்கோபை 3.5-க்கும் குறைவாக. படமும் ஒலியும் ஒரே நேரத்தில் வர வேண்டிய இடத்தில்தான் உலாவிகள் அதிகம் தடுமாறின. (நால்வரில் பியர்ஸ் சைக்கோபையை உருவாக்கியவர் என்பதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.) ஸ்ட்ரூப் மாதிரிப் பெரிய விளைவுகள் இணையத்திலும் நன்றாகக் கிடைப்பதை 2013-இலேயே கிரம்ப் குழுவினர் காட்டிவிட்டார்கள். மிகச் சுருக்கமான மறைத்த தூண்டல் என்றால் இணையத்தைத் தவிர்த்து ஆய்வகத்துக்கே வருவது நல்லது.

அந்த நால்வர் பயன்படுத்திய கருவி பிளாக் பாக்ஸ் டூல்கிட். அதன் முக்கிய உறுப்பு ஒளியை உணரும் ஒரு சிறு சென்சார். திரையில் தூண்டல் வரும் இடத்தில் அதை ஒட்டிவைத்தால், வெளிச்சம் மாறிய நிஜக் கணம் தெரிந்துவிடும். மென்பொருள் எழுதிவைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். லைப்சிக்கில் சுத்தியல் செய்த வேலையை இன்று இது செய்கிறது. அந்த முழுக் கருவி வாங்க முடியாத துறைகளும் ஒரு போட்டோடயோடு, மலிவான மைக்ரோகன்ட்ரோலர் பலகை, கொஞ்சம் வயர் வைத்து இயற்பியல் துறை நண்பர்களின் உதவியோடு இதைச் செய்துகொள்ளலாம்.

தமிழ்ச் சொற்களை வைத்துச் சோதனை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் துணைக்குறி முன்னும் பின்னும் நிற்கும். எல்லா மென்பொருளின் எழுத்துப் பகுதியும் இதைச் சரியாகக் கோக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறலாம். எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் படங்களாகச் செய்துவைத்துக் காட்டுவதுதான் பத்திரம். அதில் இன்னொரு ஆதாயம்: எல்லாக் கணினியிலும் ஒரே வடிவம் தெரியும்.

எண்கள் கைக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. எதிர்வினை நேரங்களை வரைபடமாகப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. வலது பக்கம் நீண்ட வால் இருக்கும். 100 மில்லி விநாடிக்கும் கீழே வந்த பதில், தூண்டலைப் பார்க்காமலே அழுத்தியது. 3000 வந்திருந்தால் கவனம் எங்கோ போயிருக்கிறது. எதை நீக்குவது என்ற எல்லையைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைத்துவிட வேண்டும். பார்த்த பிறகு எல்லை போட்டால், வேண்டிய முடிவு வரும்வரை வெட்டிக்கொண்டே போகலாம். மனிதருடைய நேர்மைக்கு அது பெரிய சோதனை.

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். செய்முறைப் பகுதியில் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். அதன் பதிப்பு, இயங்குதளம், மானிட்டரின் வகையும் ஹெர்ட்ஸும், கீபோர்டா பொத்தான் பெட்டியா, தூண்டலை எத்தனை திரைத் துடிப்புகளுக்குக் காட்டினீர்கள், நேரத்தைச் சென்சார் வைத்துச் சரிபார்த்தீர்களா, பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்பதையும் எழுதுங்கள். எல்லாம் சேர்ந்து நான்கே வரிதான் வரும். உங்கள் சோதனையை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க அந்த நான்கு வரி வேண்டும்.